சம்பளச்சீட்டிலிருந்து தொடங்குங்கள்: செட்டிநாட்டுச் சிறு பட்டறைகளில் ஆட்கள் நிலைத்து நிற்க

தீபாவளிக்கு நாற்பது நாள் இருக்கும்போது காரைக்குடிப் பக்கம் பலகாரக் கடைக்காரர்கள் வாயில் ஒரே பேச்சுதான்: ஆள் கிடைக்கவில்லை. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருப்பவரும், கானாடுகாத்தானில் பழைய வீட்டை விடுதியாக்கி நடத்துபவரும், தேவகோட்டையில் மெஸ் போட்டிருப்பவரும் இதையேதான் சொல்வார்கள். ஆனால் அதே தெருவில் நாலு வீடு தள்ளி இன்னொரு பட்டறையில் பல வருடமாக அதே முகங்கள் வேலை செய்துகொண்டிருக்கும். சம்பளத்தில் நூறு இருநூறுதான் வித்தியாசம் இருக்கும். மற்றதெல்லாம் நடத்துகிற விதத்தில் இருக்கிறது.

இங்கே சொல்லப்போவது எட்டு முதல் முப்பது பேர் வரை வேலை பார்க்கும் இடங்களுக்கு. பெரிய கம்பெனிகளில் மனிதவளத் துறை செய்வதை இங்கே முதலாளியும் கணக்குப்பிள்ளையும் சேர்ந்துதான் செய்யவேண்டும். ஆளை மதிக்கிறோம் என்பது முதலில் கணக்கு நோட்டில் தெரிய வேண்டும், பேச்சு அதற்குப் பிறகுதான். ஆகவே நோட்டிலிருந்து தொடங்குவோம்.

சீட்டு எழுதுங்கள்

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன காலத்தில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கடைகளில் பொறுப்பாளரான மேலாள், அவருக்கு அடுத்த அடுத்தாள், கடைசிப் படியில் பெட்டியடிப் பையன் என்று படிப்படியாக ஆட்கள் இருந்தார்கள். மூன்று வருடக் கணக்குக்குக் கப்பல் ஏறியவருக்குச் சம்பளச்சீட்டு இருந்தது. என்ன வேலை, எத்தனை வருடம், எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் புறப்படும் முன்பே எழுத்தில் முடிந்துவிடும். பேரேட்டில் பைசா சுத்தமாகக் கணக்கு வைத்த இதே ஊரில், இன்று பத்துப் பேர் வேலை பார்க்கும் கூடத்தில் "வாங்க, பார்த்துச் செய்வோம்" என்ற வாய்வார்த்தையில் ஆள் சேர்க்கிறோம். சண்டையெல்லாம் அந்தப் "பார்த்துச் செய்வோம்" என்பதில்தான் முளைக்கிறது.

ஒரு பக்கத் தாள் போதும். தமிழில், பெரிய எழுத்தில், இரண்டு பிரதி. பலகாரக் கூடத்துக்கு இப்படி இருக்கலாம்:

வேலை: தேன்குழல், மணகோலம் பிழிவது, அடுப்படி.
நேரம்: காலை 9.10 முதல் மாலை 5.50 வரை. சாப்பாட்டுக்கு 40 நிமிடம், டீக்கு 15 நிமிடம் வீதம் இருமுறை.
சம்பளம்: மாதம் 14,000 ரூபாய். அடுத்த மாதம் 5ஆம் தேதி. 5 ஞாயிறானால் 4ஆம் தேதியே.
கூடுதல் நேரம்: மணிக்கு 135 ரூபாய்.
பிடித்தம்: இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) 105 ரூபாய். வேறு எதுவும் எழுதிக் கையெழுத்து வாங்காமல் பிடிக்கப்படாது.
விடுப்பு கேட்க வேண்டியது: யாரிடம், எத்தனை நாள் முன்பு.

இந்தத் தொகைகள் மாதிரிக்குத்தான். உங்கள் தொழிலுக்கு அரசு அறிவித்திருக்கும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக்கூடாது. அகவிலைப்படி ஏப்ரல் 1 தோறும் மாறும், அதையும் சேர்த்துப் பாருங்கள். 135 எப்படி வந்தது என்றால், 14,000ஐ 26 நாளால் வகுத்து, அதை 8 மணி நேரத்தால் வகுத்து, இரண்டால் பெருக்கினோம். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் என்பது சட்டம். இந்தக் கணக்கைத் தாளின் பின்பக்கம் போட்டுக் காட்டுங்கள். எப்படி வந்தது என்று தெரிந்த தொகையில் யாருக்கும் சந்தேகம் வராது.

நேரத்தில் 9.10 என்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் பெண்கள் கட்டணமில்லாத டவுன் பஸ்ஸில்தான் வருகிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு வருவது 8.55 என்றால், 8.30க்கு வேலை என்று போர்டு மாட்டிவிட்டுத் தினமும் "லேட்டு" என்று முகத்தைச் சுளிப்பதில் என்ன லாபம்? பஸ் நேரத்தை முதலில் விசாரித்துவிட்டு மணி போடுங்கள். திரும்பும் பஸ்ஸையும் விசாரியுங்கள். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயத்தில் மாலை ஐந்து மணிக்கு மேல் கை ஓடாது, பொட்டலம் கட்டுவதில் தப்பு வரும்.

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் இ.எஸ்.ஐ. கட்டாயம், 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு. தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். மேலே உள்ள சம்பளத்துக்கு அவர் பங்கு 105, உங்கள் பங்கு 455. இருபது பேரைத் தொட்டால் வருங்கால வைப்பு நிதி, இரு பக்கமும் 12 சதவீதம். இதில் ஒரு சிக்கல் உண்டு. "பிடிக்காதீங்க, கையில குடுத்துருங்க" என்று ஆட்களே கேட்பார்கள். பிரசவத்துக்கும் காயத்துக்கும் நோய்க்கால விடுப்புக்கும் அந்த 105 ரூபாய் என்ன தரும் என்று யாரும் உட்கார்ந்து சொல்லாததால் கேட்கிறார்கள். கார்டைக் கையில் கொடுத்து, எந்த மருந்தகத்துக்குப் போகவேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பேச்சு நின்றுவிடும்.

முன்பணம்

கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட ஃபீஸ் என்று முன்பணம் கேட்பது இங்கே வழக்கம். கொடுப்பதும் வழக்கம்தான். அதை எழுதுகிற முறையில்தான் கெட்டுப்போகிறது. ஒரே நோட்டு, அது முதலாளியின் மேஜைக்குள். ஆறு மாதம் கழித்து "இன்னும் எட்டாயிரம் இருக்கு" என்று இவர் சொல்ல, "ஐயாயிரம்தானே" என்று அவர் சொல்ல, இரண்டு பேருமே உண்மையாகத்தான் நினைத்திருப்பார்கள்.

இரண்டு சிறு நோட்டு வாங்குங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று அவரிடம். 12,000 கொடுத்தால் மாதம் 1,000 வீதம் 12 தவணை என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். ஒவ்வொரு மாதமும் இரண்டு நோட்டிலும் மீதியை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். தீபாவளி மாதமும் பள்ளி திறக்கும் ஜூனும் பிடித்தம் வேண்டாம். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது.

முன்பணத்துக்கு வட்டி போடாதீர்கள். "பாக்கியைத் தீர்த்துட்டுத்தான் வேற வேலைக்குப் போகணும்" என்று சொல்லவும் கூடாது. கடனைக் காட்டி ஆளைப் பிடித்துவைப்பதைத் தடுக்கத்தான் 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமே வந்தது. போகிறவரிடம் பாக்கியைத் தவணையாக எழுதி வாங்குங்கள். சில சமயம் வராமலும் போகும். அந்த நஷ்டத்தைத் தாங்க முடிகிற அளவுக்குத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும். இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுப்பது இருவருக்கும் நல்லதில்லை.

கக்கூஸ், தண்ணீர், நாற்காலி

இதைக் கடைசியில் வைப்பவர்கள்தான் அதிகம். முதல் வாரமே செய்ய வேண்டியது இது.

பழைய வீட்டில் நடக்கும் பலகாரக் கூடங்களில் அடுப்பு இரண்டாம் கட்டிலோ பின்கட்டிலோ இருக்கும். கக்கூஸ் அதற்கும் பின்னால், தாழ்ப்பாள் உடைந்து, விளக்கு எரியாமல் கிடக்கும். பெண்கள் அங்கே போகக் கூசி, காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, எண்ணெய் கொதிக்கும் இருப்புச்சட்டி முன்னால் தண்ணீர் குடிக்காமல் நின்றால் மதியம் மூன்று மணிக்குத் தலை சுற்றும். "இவங்களுக்கு எப்பப் பார்த்தாலும் உடம்புக்கு முடியலை" என்ற புகாரின் வேர் சில கூடங்களில் அந்தத் தாழ்ப்பாள்தான்.

வேண்டியவை: உள்பக்கம் தாழ்ப்பாள், விளக்கு, குழாய், வாளி, மூடியுள்ள குப்பைக்கூடை, சோப்பு. கழுவுவதற்குத் தனி ஆள் அல்லது முறை போட்ட அட்டவணை, அதில் முதலாளி வீட்டுப் பெயரும் இருக்கட்டும். மாதவிடாய் நாட்களுக்கு அணையாடை ஒரு டப்பாவில், கேட்காமலே எடுத்துக்கொள்ளும்படி வையுங்கள்.

அடுப்படியில் நிற்பவரை 45 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பிழிபவர் அடுப்புக்கு, அடுப்பில் நின்றவர் பொட்டலத்துக்கு. மோர்ப்பானை ஒன்று, உப்புப் போட்டு. உட்காருவதற்கு ஸ்டூல் கட்டாயம். கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டமே திருத்தப்பட்டது. ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டு, உட்கார்ந்தவரைப் பார்த்துப் புருவம் தூக்கினால் வாங்காததற்குச் சமம்.

எண்ணெய் தெறித்துச் சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். இங்க், பற்பசை, மாவு எதுவும் தடவக்கூடாது. இதை எழுதி அடுப்புக்கு எதிர்ச் சுவரில் ஒட்டுங்கள். டைல்ஸ் பட்டறையில் ஈர சிமெண்ட் கையை அரித்துப் புண்ணாக்கும். ரப்பர் கையுறை கொடுத்தால் கழற்றி வைத்துவிடுகிறார்கள் என்று புகார் வரும். அச்சை நேராகத் தூக்க விரல் நுனிக்கு உணர்வு வேண்டும், தடித்த கையுறையில் அது கிடைக்காது. அவரவர் கை அளவுக்கு மெல்லிய நைட்ரைல் கையுறை, கிழிந்தால் கேட்காமல் மாற்றிக்கொள்ள ஒரு பெட்டி. அதோடு விரலிடுக்குகளைக் கழுவ நல்ல தண்ணீர்க் குழாய் பக்கத்திலேயே வேண்டும்.

பேச்சும் டம்ளரும்

"ஏய், இந்தா" என்று கூப்பிடுவதை இன்றே நிறுத்தலாம், செலவில்லாத வேலை. வயதில் மூத்தவரை அக்கா, அண்ணே. இளையவரைப் பெயர் சொல்லி, "வாங்க, போங்க". முதலாளியின் கல்லூரிப் பையன் ஐம்பது வயது அம்மாவை "வா, போ" என்று பேசினால், அன்று மாலை பஸ்ஸில் முழுக்க அதுதான் பேச்சாக இருக்கும். முதலில் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

திட்ட வேண்டியிருந்தால் தனியாக, அன்றைக்கே, நடந்த ஒன்றை மட்டும். பழைய கணக்கையெல்லாம் கிளறக்கூடாது. பாராட்டும்போது எல்லார் முன்னாலும், அதுவும் என்ன செய்தார் என்று சொல்லி. "நல்லா வேலை பார்க்குறீங்க" என்பது காற்றோடு போய்விடும். "நேத்து எண்ணெய் புகையுறதுக்கு முன்னாடியே அடுப்பைத் தணிச்சீங்களே, அந்த ஈடு மணகோலம் முழுக்கத் தப்பிச்சுச்சு" என்பது நினைவில் நிற்கும்.

இனி, யாரும் வெளியே பேச விரும்பாத விஷயம். வேலைக்கு வருபவரிடம் "எந்த ஊரு, எந்தத் தெரு, யாரு வீடு" என்று கேட்பதன் உள்ளர்த்தம் கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். என்ன வேலை தெரியும் என்பதை மட்டும் கேளுங்கள். டீக்குத் தனி டம்ளர், தனித் தட்டு, வாசலில் வைத்துச் சாப்பாடு என்பது இன்னமும் எங்காவது இருந்தால் அது வழக்கம் இல்லை, குற்றம். தீண்டாமையைத் தண்டிக்க 1955லேயே சட்டம் வந்துவிட்டது. ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர் இரண்டு டஜன் வாங்கி ஒரே கூடையில் கவிழ்த்து வைப்பது எளிய தொடக்கம். முதலாளியும் அதே கூடையிலிருந்து எடுத்துக் குடிக்க வேண்டும்.

கெட்டுப்போன சரக்கு யார் கணக்கில்?

ஆத்தங்குடி டைல்ஸில் கண்ணாடி மேல் சட்டத்தையும் அச்சையும் வைத்துக் கலரை ஊற்றி, அச்சை எடுத்து, உலர்ந்த சிமெண்ட் மணல் தூவி, அதன் மேல் ஈரக் கலவையைப் போட்டு மட்டம் தட்டுகிறார்கள். முகம் அடியில், கண்ணாடியை ஒட்டி இருக்கிறது. கலர் கலங்கியதா, ஊசித்துளை விழுந்ததா என்பது கண்ணாடியைக் கழற்றும்போதுதான் தெரியும். ஊற்றிய நாளுக்கும் அதற்கும் இடையில் சில நாள் ஓடிவிடும். அப்போது "இதை ஊத்துனது யாரு?" என்று கத்தி, உடைந்த கல்லுக்குக் கூலியைக் கழித்தால் என்ன நடக்கும்? அடுத்த தடவை குறையுள்ள கல் நல்ல கல்லுக்கு நடுவில் ஒளிந்து வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகும்.

கூலியைக் கழிக்காமல் காரணத்தை எழுதுங்கள். ஒவ்வொரு கல்லின் முதுகிலும் தேதியும் கலவை எண்ணும் சாக்பீஸால் போடச் சொல்லுங்கள், பெயர் வேண்டாம். குறையுள்ளவற்றை ஒரு அலமாரியில் ஒரு வாரம் சேருங்கள். சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து பாருங்கள். ஒரே கலவை எண்ணில் நிறையத் துளை இருந்தால் மணலில் வண்டலா, தண்ணீர் கூடிவிட்டதா என்று பாருங்கள். எல்லாக் கலவையிலும் ஒரே மூலையில் கலங்கியிருந்தால் அச்சு நெளிந்திருக்கிறது, அது முதலாளி வாங்கித் தரவேண்டியது. இரண்டும் இல்லையென்றால்தான் கைப்பழக்கம், அதற்கு மருந்து பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது.

பலகாரத்திலும் இதுவேதான். அதிரசம் எண்ணெயில் பிரிந்தால் பாகு பதம் தப்பியிருக்கும், அல்லது வெல்லம் வேறு கடைச் சரக்காக இருக்கும். வெல்லத்தை மாற்றியது நீங்கள் என்றால் அடுப்படியில் நிற்பவரைத் திட்டி என்ன பயன்?

பதம் தெரிந்தவருக்கு என்ன மதிப்பு

பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்துப் பதம் சொல்லும் அம்மாவுக்கும், நேற்றுச் சேர்ந்தவருக்கும் ஐந்நூறு ரூபாய்தான் வித்தியாசம் என்றால் அந்தக் கூடத்தில் கைத்திறனுக்கு விலையில்லை என்று அர்த்தம். மூன்று படி வையுங்கள்: பழகுபவர், கை தேர்ந்தவர், பதம் பார்ப்பவர். ஒவ்வொரு படிக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், எவ்வளவு கூடும் என்பதைச் சுவரில் ஒட்டுங்கள். பெட்டியடிப் பையன் ஒரு நாள் மேலாள் ஆகலாம் என்பது தெரிந்ததால்தான் அந்தக் காலத்தில் பையன்கள் கப்பலேறினார்கள்.

சொல்லிக்கொடுப்பதற்குத் தனிக் கூலி வேண்டும். இது பலரும் தவறவிடுவது. கிலோ கணக்கிலோ கல் கணக்கிலோ கூலி வாங்குபவர் பக்கத்தில் ஒரு புதியவரை உட்காரவைத்தால், அன்றைக்கு அவர் உருப்படி குறையும், கூலியும் குறையும். பிறகு "தொழிலைச் சொல்லித் தர மாட்டேங்கிறாங்க" என்று குறைப்படுவோம். கற்றுத்தரும் நாட்களுக்கு, கடந்த மூன்று மாதத்தில் அவர் வாங்கிய சராசரி நாள்கூலியைப் போட்டு, மேலே ஒரு தொகையும் கொடுங்கள். கணக்குப் பார்த்தால் நஷ்டமில்லை. 14,000 ரூபாய் சம்பளத்தில் புதிதாக வந்தவர் இரண்டு மாதம் பாதி வேலைதான் செய்வார் என்றால், ஒருவர் போய் இன்னொருவர் வருவதற்கே 14,000 போகிறது, வீணான மாவும் எண்ணெயும் தனி.

தீபாவளியும் முளைப்பாரியும்

ஒரு அடுப்பில் ஒரு மணி நேரத்தில் என்னென்ன எத்தனை கிலோ இறங்குகிறது என்று ஆவணியில் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். அதை அடுப்பு எண்ணிக்கையாலும் நாட்களாலும் பெருக்கி, பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். அதற்கு மேல் ஆர்டர் எடுக்காதீர்கள். எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு இரவு பதினொரு மணி வரை நிற்கவைத்தால், அந்த வாரம் மாவு புளிக்கும், கை சுடும், தீபாவளிக்குப் பிறகு இரண்டு பேர் திரும்ப வரமாட்டார்கள். இரவு வேலை தவிர்க்கவே முடியாவிட்டால் வேன் வைத்து வீட்டு வாசலில் இறக்கிவிடுங்கள். போனஸைப் பத்து நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். முதல் நாள் இரவு கொடுத்தால் துணி எடுக்கவே நேரமிருக்காது, கொடுத்தும் கொடுக்காத மாதிரி.

மாசி, பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி விரதம் இருப்பவர்கள் இருப்பார்கள். தையில் சிராவயல் மஞ்சுவிரட்டன்று இளைஞர்கள் ஒருவரும் வரமாட்டார்கள், வரச் சொல்வதும் வீண். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு முளைப்பாரி, ஒரு தேர் உண்டு. தை பிறந்ததும் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு பெரிய காலண்டரில் அவரவர் ஊர்த் திருவிழாவைக் குறிக்கச் சொல்லுங்கள். சட்டப்படி தரவேண்டிய பண்டிகை விடுமுறையில் நான்கு தேசிய நாட்கள் போக ஐந்து நாளைப் பேசி முடிவு செய்யலாம். மாற்று மதத்தவர் இருந்தால் ரம்ஜானும் கிறிஸ்துமஸும் அதே பேச்சில் வரட்டும். சொல்லாமல் வேலைக்கு வராமல் நிற்பது அன்றோடு பாதியாகக் குறையும்.

குறை சொல்ல ஒரு வழி

புகார்ப் பெட்டி சிறு பட்டறைக்கு ஒத்துவராது. பன்னிரண்டு பேரில் யார் கையெழுத்து என்பது எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை டீ நேரத்தில் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். முதலாளி கடைசியில் பேச வேண்டும், அதுவரை நோட்டில் எழுத வேண்டும். சென்ற வாரம் சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் புதிது கேட்க வேண்டும். முதல் மூன்று வாரம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நான்காவது வாரம் ஒருவர் "ஃபேன் சத்தம் போடுது" என்பார். திங்கட்கிழமைக்குள் அந்த ஃபேனைச் சரிசெய்தால் ஐந்தாவது வாரம் உண்மையான குறை வரும்.

பாலியல் தொந்தரவுப் புகாரைச் சனிக்கிழமைக் கூட்டத்துக்குக் கொண்டுவரக்கூடாது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் 2013 சட்டப்படி உள்ளகக் குழு வேண்டும்: தலைவர் பெண், குறைந்தது பாதி உறுப்பினர் பெண்கள், வெளியாள் ஒருவர். முதலாளியின் மச்சினர் அந்த வெளியாள் ஆக முடியாது. பத்துக்குக் குறைவென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். அதன் விவரம் பெண்கள் கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தால் யாரும் பார்க்காமல் படித்துக்கொள்வார்கள்.

"மாதத்தின் சிறந்த ஊழியர்" படம் மாட்டுவதை ஒரு வருடத்துக்குத் தள்ளிப்போடுங்கள். மூன்றாவது மாதம் முதலாளி வீட்டுச் சொந்தக்காரர் படம் அங்கே ஏறிவிடும், அதோடு எல்லாம் கேலியாகிவிடும். வாட்ஸ்அப் குழுவில் இரவு எட்டு மணிக்குப் பின் வேலைச் செய்தி வேண்டாம். உடைந்த கல்லின் படத்தைப் போட்டு "இது யார் வேலை" என்று கேட்பது ஆளைத் தெருவில் நிறுத்தித் திட்டுவது போலத்தான்.

போகிறவரை அனுப்பும் விதம்

எவ்வளவு நன்றாக நடத்தினாலும் சிலர் போவார்கள். திருப்பூருக்கு, சென்னைக்கு, சிங்கப்பூருக்கு. வேலையை விட்டு நின்ற இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கை முடித்துக் கொடுக்க வேண்டும். சம்பள பாக்கி, கூடுதல் நேரம், போனஸ் பங்கு, முன்பண மீதி எல்லாம் ஒரே தாளில். ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடையும் அதில் வரும்: கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருட எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். 14,000 ரூபாய் சம்பளத்தில் ஆறு வருடத்துக்கு 48,462 ரூபாய். என்னென்ன வேலை தெரியும் என்று கடிதத்தாளில் ஒரு சான்று எழுதிக் கொடுங்கள். "ஏன் போறீங்க" என்று அன்று கேட்டால் "வீட்டுல சூழ்நிலை" என்றுதான் சொல்வார்கள். ஒரு மாதம் கழித்து, கூட வேலை பார்த்த அக்கா ஒருவரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள், உள்ளது வரும். போனவர் எண்ணைப் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள், ஐப்பசி நெருக்கத்தில் பத்து நாள் கைகொடுக்க முடியுமா என்று கேட்க அது தேவைப்படும்.